பட்டியலை ஊர் கூடிப் படிப்போம்

கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் கருவியில் வைக்கிறார் அந்தப் பாட்டி. பதியவில்லை. காலமெல்லாம் களை பறித்ததில் ரேகை தேய்ந்துவிட்டது. “வேற விரல வைங்க ஆயா” என்கிறார் பணம் கொண்டுவந்த வங்கி முகவர். நான்காவது விரல் பதிகிறது. 1,200 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிறார்.

ஊரில் ‘ஓ.ஏ.பி. பணம்’ எனப்படும் முதியோர் உதவித்தொகையைத் தமிழ்நாடு 1962இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. 2011இல் 1,000 ரூபாயான தொகை, 2023இல் 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். இவர்களில் தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டத்தில் வருவோருக்கு மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதானால் 500. அந்த 200 ரூபாய் பல ஆண்டுகளாக ஏறவே இல்லை. அரிசி, பருப்பு, மருந்து விலைகள் அப்படி நிற்கவில்லை. மத்திய அரசு தன் பங்கை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும்.

இந்தத் தேசியத் திட்டத்தில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். ஆனால் மாநிலத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பும் உண்டு. தகுதி இருந்தும் காத்திருப்போர் இதனால்தான் உருவாகிறார்கள். அளவான பணத்தில் வசதியுள்ள ஒருவர் பெயர் ஏறினால், கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவரின் முறை தள்ளிப்போகிறது. “நமக்கும் வரட்டுமே” என்று மனு எழுதும் கை, பக்கத்துத் தெருவின் கஞ்சியில் விழுகிறது.

“மகன் இருக்கிறாரே” என்று விசாரணையில் மனுவை ஒதுக்குவதும் சரியல்ல. மகன் இருப்பது வேறு, சோறு போடுவது வேறு. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பெற்ற பிள்ளைமீது புகார் எழுத எந்தத் தாய்க்குக் கை வரும்? விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் குடும்ப அட்டையோடு அடுப்பையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் தம் கடமையைச் செய்யட்டும். வசதியுள்ளோர் தாமாக விலகட்டும். ரேகை பதியாததால் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதிருக்க அதிகாரிகள் வழி செய்யட்டும். ஊராருக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே உதவித்தொகை பெறுவோர் பட்டியலையும் காத்திருப்போர் பட்டியலையும் உரக்கப் படிக்கச் சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாத, மனு போட ஆளில்லாத ஒரு முதியவரின் பெயர் இரண்டிலும் இருக்காது. எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்ல ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும்.