தீயில் இறங்கியவனிடமா ருசு கேட்பது?

பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைக்கோல் போரில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். அந்த நேரத்தில் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். தீயணைக்கும் தொழிலாளி உள்ளே ஓடுவான். உள்ளே சிக்கியிருப்பவன் முதலாளியா, தொழிலாளியா என்று அவன் கேட்பதில்லை. புகையில் என்ன விஷம் கலந்திருக்கிறது என்றும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பவன் பிழைக்க மாட்டான்.

அதே தொழிலாளி பத்து வருஷம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நஷ்ட ஈடு கேட்டால் சர்க்கார் என்ன சொல்கிறது? "இந்த நோய் அந்தப் புகையினால்தான் வந்தது என்பதற்கு ருசு எங்கே?" என்கிறது. பணத்துக்குப் பஞ்சமில்லாத அமெரிக்காவிலேயே இதுதான் நடந்தது. அந்தக் கதையை நம் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல காற்றாம்!

2001 செப்டம்பர் 11-ம் தேதி நியூயார்க் நகரில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் மீது பயங்கரவாதிகள் விமானங்களை மோதினார்கள். கோபுரங்கள் இரண்டும் சரிந்தன. மக்களைக் காப்பாற்ற வந்த தீயணைப்புப் படையினரில் 343 பேர் அன்று ஒரே நாளில் மாண்டார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தீயணைப்புத் தொழிலாளர்கள், போலீஸ்காரர்கள், ஆம்புலன்ஸ் தொழிலாளர்கள், இரும்பு வெட்டுகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் இடிபாடுகளில் இறங்கினார்கள். 2002 மே மாதக் கடைசி வரை வேலை நடந்தது. சுமார் 18 லட்சம் டன் இடிபாட்டை அள்ளினார்கள். அடியில் கனன்ற தீ 2001 டிசம்பர் வரை அணையவில்லை. அவர்கள் சுவாசித்த தூசியில் பொடிந்த சிமெண்டும் கண்ணாடித் தூளும் ஆஸ்பெஸ்டாஸும் ஈயமும் கலந்திருந்தன.

செப்டம்பர் 17-ம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை மறுபடி திறந்தது. மறுநாள், அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாத் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன், காற்று சுவாசிக்கத் தகுந்ததே என்று அறிவித்தார். 2003 ஆகஸ்டில் அதே இலாகாவின் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? அப்படி அறிவிக்கப் போதுமான ஆதாரம் அன்று இலாகாவிடம் இல்லை என்றது. எச்சரிக்கை வாசகங்களை நீக்கவும் ஆறுதல் வாசகங்களைச் சேர்க்கவும் வெள்ளை மாளிகை தலையிட்டது என்றும் சொன்னது.

காற்று நல்ல காற்று என்று சொன்னவர்களுக்கு ருசு தேவைப்படவில்லை. இருமிக்கொண்டு வந்த தொழிலாளிக்கு மட்டும் ருசு தேவைப்பட்டது!

நோய்க்குக் காலண்டர் தெரியுமா?

ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தால் அன்றைக்கே தெரியும். நுரையீரலில் படிந்த தூசி அப்படியல்ல. ஐந்து வருஷம், பத்து வருஷம் உள்ளே இருந்து அரிக்கும். நியூயார்க் மாநிலத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமோ, விபத்து நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனுப்போடச் சொன்னது. கெடு கழிந்து நோய் வந்தவன் எங்கே போவான்? தொழிலாளர்கள் கூக்குரல் எழுப்பிய பிறகு, 2006-ல்தான் இந்த இடிபாடுகளில் வேலை செய்தவர்களுக்குக் கெடுவைத் தளர்த்தித் தனி விதி செய்தார்கள்.

அந்த 2006 ஜனவரியில் ஜேம்ஸ் ஜட்ரோகா என்ற நியூயார்க் போலீஸ்காரர் 34-வது வயதில் மூச்சுத் திணறி இறந்தார். இடிபாடுகளில் நாட்கணக்காக வேலை செய்தவர். பிரேதத்தைப் பரிசோதித்த டாக்டர், தூசிதான் காரணம் என்று எழுதினார். மறு வருஷம் நியூயார்க் நகரத் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி, தூசி காரணமல்ல என்றார். செத்த பிறகும் அவர் ருசுக் காட்ட வேண்டியிருந்தது!

பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மத்திய சர்க்கார் கொடுத்த சுமார் 100 கோடி டாலரை மூலதனமாக வைத்து இதற்கென்றே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அமைக்கப்பட்டது. பணம் கையில் இருந்தும், வழக்குகளை எதிர்த்தே வருஷங்கள் கழிந்தன. 2010-ல்தான் சமரசம் ஏற்பட்டது. ஜட்ரோகாவின் பெயரில் வைத்திய உதவிக்கும் நஷ்ட ஈட்டுக்கும் சட்டம் நிறைவேறியதும் அந்த வருஷக் கடைசியில்தான். அதிலும் புற்றுநோய் சேரவில்லை. 2012-ல்தான் சேர்த்தார்கள்.

இத்தோடும் தீர்ந்ததா? 2019 பிப்ரவரியில், நிதியில் பணம் போதாது என்று சொல்லி, காத்திருந்த மனுக்களுக்குப் பாதியும் புது மனுக்களுக்கு நூற்றுக்கு 70-ம் வெட்டப்போவதாக அறிவித்தார்கள். ஜூன் 11-ம் தேதி லூயிஸ் அல்வாரெஸ் என்ற ஓய்வுபெற்ற துப்பறியும் போலீஸ்காரர், புற்றுநோயால் எலும்பும் தோலுமான உடம்போடு பாராளுமன்றக் கமிட்டி முன் வந்து உட்கார்ந்தார். அறுபத்தெட்டு முறை மருந்து ஏற்றி முடித்திருந்தவர். அவர் எதிரே பல அங்கத்தினர்களின் நாற்காலிகள் காலியாக இருந்தன! ஜூன் 29-ம் தேதி அவர் இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 29-ம் தேதி, 2090 வரை மனுப்போட வழி செய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. ஜட்ரோகா, அல்வாரெஸ் ஆகியோரோடு, சக்கர நாற்காலியில் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து 2017-ல் இறந்த ரே ஃபைபர் என்ற தீயணைப்புத் தொழிலாளியின் பெயரும் அச்சட்டத்தில் இருக்கிறது. மூன்று பிணங்களின் மேல் எழுதிய சட்டம் அது.

2023 செப்டம்பரில் இன்னொரு கணக்கு வந்தது. அந்தத் தூசி கொடுத்த நோய்களால் பிறகு செத்த தீயணைப்புப் படையினரின் எண்ணிக்கையும் 343-ஐ எட்டிவிட்டது.

கொடுத்ததல்ல, வாங்கியது

இதே நியூயார்க்கில் 1911 மார்ச் 24-ம் தேதி, மாநில உயர்ந்த நீதிமன்றம் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தையே செல்லாது என்று தள்ளியது. தவறு செய்யாத முதலாளியின் சொத்தைப் பறிப்பதாகும் என்றது தீர்ப்பு. மறுநாள், மார்ச் 25-ம் தேதி, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடியோடு நின்றது. தீயோ எட்டாவது மாடிக்கு மேலே! 146 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 1913-ல் மாநில அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. 1914-ல் நஷ்ட ஈட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. அங்கேயும் எந்த உரிமையும் தானமாக வரவில்லை.

நம் கோரிக்கை

நம் நாட்டில் 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தீயணைப்புப் படை வேலையும் டிராக்டர் விவசாய வேலையும் இருந்தன. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோயும் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. அதில் ஒரு நல்ல விதி இருந்தது. பட்டியலில் உள்ள நோய், அதற்குரிய வேலையில் குறித்த காலம் இருந்தவனுக்கு வந்தால், அது வேலையினால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்பவர்தான் ருசுப்படுத்த வேண்டும். பழைய சட்டங்களை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் கரைத்தவர்கள் இந்த நியாயத்தைக் கரைக்க நாம் விடக்கூடாது. அதை விரிவாக்க வேண்டும்.

தீயணைக்கும் வேலையே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022-ல் தீர்மானித்துவிட்டது. கனடாவின் மனிடோபா மாநிலம் 2002-லேயே தீயணைப்புத் தொழிலாளிக்கு வரும் சில புற்றுநோய்களை வேலையினால் வந்தவை என்று சட்டத்தில் எழுதிவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எனவே நாம் கேட்கிறோம்:

ஒன்று, ஆபத்தில் உதவப் போனவனுக்குப் பின்னால் வரும் நோய் வேலையினால் வந்ததென்றே கொள்ளப்பட வேண்டும். மறுப்பவர் ருசுக் காட்டட்டும்.

இரண்டு, மெதுவாக வரும் நோய்க்கு மனுக் கெடு, நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்று, உடுப்புப் போட்டவன், போடாதவன் என்ற பேதம் கூடாது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர் ஒப்பந்த ஸ்தாபனத்தின் ஆள். இடிபாட்டை அள்ளுகிறவர் தினக்கூலி. மில்லில் தீ என்றால் வாளியோடு முதலில் ஓடுகிறவன் சக தொழிலாளி. விஷவாயு நிறைந்த கிணற்றில் விழுந்தவனைத் தூக்க முதலில் இறங்குகிறவன் பக்கத்து வயலில் நின்ற கூலியாள். சம்பளப் பட்டியல் வேறு வேறு. உள்ளே போகும் புகை ஒன்றுதான்.

தீயில் இறங்கியவனுக்கு மாலை போடுகிறார்கள். மேடையில் ஏற்றி வீரன் என்கிறார்கள். மாலை மறுநாள் வாடிவிடும். அவன் படுக்கையில் விழுந்த பிறகு அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அவன் கேட்பது பிச்சையல்ல, செய்த வேலைக்குப் பாக்கிக் கூலி. அந்தப் பாக்கியை வசூலிக்க, அவனோடு சேர்ந்து குரல் கொடுப்பது நம் எல்லோருடைய வேலை.