பழசு ஞாபகம் இருக்கு... காலையில சொன்னது மறந்துபோச்சா?

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரம் ‘கரண்ட்’டும் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவரைப் பற்றி, சில மாதங்கள் கழித்து வீட்டில் ஒரு புகார் கிளம்பும். “முப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு வரிசையா சொல்றாரு. காலையில கேஸை மூடச் சொன்னது மட்டும் மறந்துடுச்சாம். எல்லாம் நடிப்பு!”

நடிப்பு இல்லீங்க. மூளை வேலை செய்கிற விதமே அப்படித்தான்.

காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக ‘ஹிப்போகேம்பஸ்’ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. இன்று நடப்பதைப் பதிவு செய்வது அதன் வேலை. பல வருஷத்துப் பழைய நினைவுகளோ மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன. 1953-ல் அமெரிக்காவில் 27 வயது இளைஞர் ஒருவருக்கு, தீராத வலிப்புக்காக இரண்டு பக்கமும் இந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசிவிட்டுப் போனவரைக்கூட அவருக்குத் தெரியாது. சின்ன வயசு சங்கதிகள் மட்டும் ஞாபகம் இருந்தன! அவருக்கு வந்தது கட்டி அல்ல. ஆனாலும் ‘பழசு இருக்கும், புதுசு நிற்காது’ என்பதை உலகத்துக்குக் காட்டியது அவர் கேஸ்தான்.

ரேடியேஷன் எதையும் வெட்டுவதில்லை. மூளைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும், செய்தி கடத்தும் நரம்பு இழைகளையும், புதிதாக முளைக்கும் செல்களையும் மெல்ல மெல்லப் பாதிக்கிறது. முதல் சில மாதங்களில் வரும் தூக்கக் கலக்கமும் மந்தமும் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகோ, சிலருக்கு வருஷங்கள் கழித்தோ தலைகாட்டுகிற மறதிதான் தங்கிவிடக்கூடியது. அந்த நேரத்தில் தலையில் முடி வளர்ந்திருக்கும், ஸ்கேன் சுத்தமாக இருக்கும். ‘குணமாயிடுச்சு’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது இவர் மறந்தால், பழி யார் மேல் விழும்?

கோட்டக்குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்து ஊர்தான். ஆனால் பெரிய வியாதி என்றால், முண்டியம்பாக்கத்தைவிட முத்தியால்பேட்டையைத் தாண்டி கோரிமேடு ஜிப்மருக்குப் போவதுதான் பக்கம். எந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஆனாலும், காத்திருந்து டாக்டரைப் பார்த்தால் கிடைப்பது சில நிமிஷம். தலைவலி உண்டா, ஃபிட்ஸ் வந்ததா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்பதற்குள் அடுத்த பேஷண்ட் வாசலில். கூட்டம் அப்படி. டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஞாபக சக்தியைப் பற்றிய பேச்சே வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

சிகிச்சை தொடங்கும் முன்பே ஞாபகப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கட்டியே மறதியைக் கொண்டுவரலாம். முதலில் அளந்து வைக்காவிட்டால், பிறகு வந்த மறதி எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘மோகா’ என்ற பத்து நிமிஷப் பரிசோதனை தமிழிலேயே இருக்கிறது. நுட்பமான குறைகள் இதில் தப்பிவிடலாம், அதற்கு மனநல நிபுணரின் விரிவான சோதனை வேண்டும். இருந்தாலும் ஆரம்பத்துக்கு இது போதும்.

அளந்தால் என்ன லாபம்? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 2001 முதல் 2012 வரை, 3 முதல் 25 வயதுக்குட்பட்ட 200 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. கட்டியை மட்டும் குறுகலாகக் குறிவைத்துக் கதிர் கொடுத்தவர்களுக்கு, பழைய முறையில் பெற்றவர்களைவிட அறிவுத்திறன் நன்றாக நிலைத்தது. உயிர் காப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-ல் வெளியான இந்த முடிவு, முன்பும் பின்பும் சோதித்துப் பார்த்ததால்தானே தெரியவந்தது! மூளை முழுவதற்கும் கதிர் கொடுக்கும்போது ஹிப்போகேம்பஸை ஒதுக்கிவிட்டால் பாதிப்பு குறைகிறது என்று 2020-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான 518 பேர் ஆய்வும் சொன்னது. “இவருக்கு அப்படிச் செய்ய முடியுமா?” என்று தயங்காமல் கேளுங்கள். கட்டி அதன் அருகிலேயே இருந்தால் முடியாது என்பார்கள். அதற்காக ரேடியேஷனே வேண்டாம் என்று ஓடிவிடாதீர்கள். விட்டுவைத்தால் வளர்கிற கட்டி, ஞாபகத்தோடு நிற்காது, உயிரையும் எடுக்கும்.

எல்லா மறதியும் கரண்டால்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பிட்யூட்டரி பக்கம் கதிர் பட்டால் தைராய்டு சுரப்பு குறைந்து மந்தம் வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும். சில ஃபிட்ஸ் மாத்திரைகளும் மூளையை மந்தமாக்கும் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து!). தூக்கமின்மையும் மனச்சோர்வும் இதே வேலையைச் செய்யும். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் வல்லாரையைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிடட்டும், ருசிதான். லேகியம், மாத்திரை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

வீட்டில் கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று, டைரி ஒன்று. மூன்று நோட்டு வைத்தால் நோட்டே தொலைந்துபோகும். கேஸ் அடுப்பும் ஏ.டி.எம். கார்டும் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். விருந்தாளி முன்னால் “நேத்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று பரீட்சை வைக்காதீர்கள். என்ன மறந்தார், எந்தத் தேதியில் என்று அதே டைரியில் நீங்கள் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ஸ்கேன் ஃபிலிமை நீட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை டாக்டர் மேஜையில் விரித்து வையுங்கள்.