அவள் ஏன் வெளியேறவில்லை?

நீண்டகாலம் கணவனின் வன்முறைக்கு உள்ளான பெண், தற்பாதுகாப்புக்காகவே அவனைக் கொன்றதாகக் கூறும்போது ஜூரிமார் மனதில் எழும் முதல் வினா, 'அவள் ஏன் முன்னரே வெளியேறவில்லை?' என்பதாகும். சட்டம் கேட்காத இவ்வினா, பலவேளைகளில் தீர்ப்பையே திசைதிருப்பி விடுகின்றது.

கனடாவின் லவலே வழக்கு இவ்விடயத்தில் கவனத்திற்குரியது. 1986 இல் மனிடோபா மாகாணத்தில், தன்னை நெடுநாளாகத் தாக்கிவந்த துணைவன் கொலைமிரட்டல் விடுத்து அறையை விட்டு வெளியேறுகையில், அப்பெண் அவனைப் பின்புறமாகச் சுட்டார். உளநல வைத்திய நிபுணரின் சாட்சியத்தைச் செவிமடுத்த ஜூரிமார் அவரை விடுவித்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தபோதும், 1990 இல் கனடிய உயர் நீதிமன்றம் விடுதலையை மீள உறுதிப்படுத்தியது.

சமபலமுள்ள இரு ஆண்களின் கைகலப்பை மனதிற்கொண்டு வளர்ந்த அளவுகோல் இத்தகைய பெண்களுக்குப் பொருந்தாதென நீதியரசர் பேர்த்தா வில்சன் சுட்டிக்காட்டினார். தன் உயிரைக் காக்க வேறு வழியில்லையென அவர் நம்பியது நியாயமானதா என்பதையே ஜூரிமார் தீர்மானிக்க வேண்டும். 2013 முதல் நடைமுறையிலுள்ள கனடியச் சட்டமும் இரு தரப்பினரின் உறவு வரலாற்றைக் கருத்திற்கொள்ளப் பணிக்கின்றது.

கொலைக்கு இது அனுமதிப்பத்திரமாகி விடாது. ஆயினும், அச்சத்துடன் வாழ்ந்தவரின் முடிவை அச்சமறியாதோர் தம் அனுபவத்தை மாத்திரம் கொண்டு அளப்பது நீதியாகாது.