கதவைத் திறந்தவர்களை மறக்கலாமா?



ஈப்போ ஃபேர் பார்க் பக்கம் போனவர்கள் 'ஜாலான் சிபில் கார்த்திகேசு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். "யார் அவர்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

சிபில் ஒரு யுரேசியப் பெண், தாதி. கணவர் டாக்டர் கார்த்திகேசு தமிழர். ஈப்போ பிரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஈப்போவில் குண்டு போட்டதும், பூசிங் அருகிலுள்ள பப்பானுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கே பகலில் ஊராருக்கு வைத்தியம். இரவில் பின்கதவு வழியாகக் காட்டிலிருந்து போராளிகள் வந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள். சிபில் இனம் பார்க்கவில்லை, காயத்தைத்தான் பார்த்தார். ஜப்பான்காரன் தடை செய்த வானொலிச் செய்தியையும் ஒளித்துவைத்துக் கேட்டு, நம்பியவர்களுக்குச் சொன்னார். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்.

1943-இல் பிடிபட்டார். கெம்பெத்தாய் அடித்து வதைத்தது. அவருடைய சிறு மகளை மரத்தில் தொங்கவிட்டு, தீயில் இறக்கிவிடுவோம் என்று மிரட்டியது. அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12-இல், அந்தக் கொடுமையின் காயங்களாலேயே இறந்தார். பின்னர் அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

அதே போர்க்காலத்தில் போலந்தின் மார்கோவா கிராமத்தில் உல்மா என்ற விவசாயக் குடும்பம் எட்டு யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்திருந்தது. 1944 மார்ச் 24-இல் ஜெர்மானியர் அந்த எட்டுப் பேரையும், கணவன், கர்ப்பிணி மனைவி, ஆறு பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றனர். இன்று அந்த ஊரில் அவர்கள் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது? சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடிக்க வந்தபோது, நம் தோட்டத்து லயன்களிலும் யாரோ யாரையோ ஒளித்திருப்பார்கள், தங்கள் அரிசியைப் பங்கிட்டிருப்பார்கள். அவர்களுக்குச் சாலையும் இல்லை, பலகையும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகி, லயன்களும் போய்விட்டன. வாய்வழிக் கதை மட்டுமே மிச்சம்.

உரிமை கேட்கும் சமுதாயம் முதலில் தன் வரலாற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். "இந்த நாட்டுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பவனுக்கு அதுதான் பதில்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் உட்காருங்கள். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தா பாட்டி எங்கே இருந்தார்கள், யார் காப்பாற்றினார்கள் என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளை ஒருமுறை பப்பானுக்குக் கூட்டிப் போங்கள்.

நாம் எழுதாவிட்டால், நமக்காக வேறு யாரும் எழுதப் போவதில்லை.