காடிக்கும் மூக்கு உண்டு



கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு வேலை கிடைத்ததும் குடும்பமாகச் சேர்ந்து பழைய கார் ஒன்று வாங்கினார்களாம். எண்ணெய் மாற்றப் போகும்போதெல்லாம் பட்டறைக்காரர், “ஏர் பில்டர் மாத்தணும், ஏர்கோன் பில்டரும் மாத்தணும்” என்கிறாராம். “டீச்சர், இது நியாயம்தானா? இல்லை, தோட்டத்து ஆள் என்று தலையில் மிளகாய் அரைக்கிறார்களா?” என்று கேட்கிறார்.

இரண்டும் நடக்கிறது ஐயா. அதனால்தான் இந்த முறை பாடநூலை மூடி வைத்துவிட்டு பில்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நான் பட்டறை வேலை படித்தவள் அல்லள். கைக்காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதல் காரை நான் இரண்டாம் கையாகத்தான் வாங்கினேன். லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வர செம்மண் பாதை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போனால் போதும், கண் தெரியாது. அப்போது நான் போய்க்கொண்டிருந்த பட்டறையில் ஒவ்வொரு முறையும் என்ஜின் பில்டரை வெளியே எடுத்து, காற்றுக் குழாயால் ‘புஸ்’ என்று அடித்து, “புதுசு மாதிரி ஆயிருச்சு டீச்சர், காசு மிச்சம்” என்று மாட்டிவிடுவார்கள். எனக்கும் சந்தோஷம். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகு எண்ணெய் குறையத் தொடங்கியது. பின்னால் நீலப் புகை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் பூவும் பலசரக்கும் வாங்கப் போன இடத்தில், சந்து ஒன்றிலிருந்த வயதான மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் பில்டர் பெட்டியைத் திறந்தார். காகித மடிப்பில் ஓர் ஓரம் கிழிந்திருந்தது. பில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலெல்லாம் சிவப்பு. “டீச்சர், இது உங்க தோட்டத்து மண்ணுதான்” என்றார். அந்த மண் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. காற்றை அடித்து அடித்தே காகிதம் நைந்துவிட்டது என்றார் அவர். தீபாவளிக்கென்று போட்டு வைத்திருந்த கூட்டுக் காசு அத்தனையும் என்ஜினுக்குப் போனது. 30 வெள்ளி பில்டரை மாற்றாமல் இருந்ததற்கு இந்த விலை.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே புழுதியில் பிறந்ததுதான். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்பு வீடுகளுக்குப் பதில் செங்கல் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அதற்காகச் செங்கல் சூளைகள் எழுந்த இடம் அது. இன்று ஜாலான் துன் சம்பந்தனில் நெரிசலில் நிற்கும் கார்களுக்குப் புகையும் டயர்த் தூளும்தான் சாப்பாடு. தோட்டத்துக்குச் செம்மண், பட்டணத்துக்குக் கரி.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? சுமார் 9,000 லிட்டர். நம் தோட்டத்து ஸ்டோரில் நிற்கும் 200 லிட்டர் டிரம்மை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 45 டிரம் காற்று, ஒரே ஒரு லிட்டருக்கு! அத்தனையும் அந்தக் காகித மடிப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

எப்போது மாற்றுவது? காரோடு வரும் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும். பெரும்பாலான கார்களுக்கு என்ஜின் பில்டர் 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள், ஏர்கோன் பில்டர் 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் அல்லது வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் அதே புத்தகத்தில் புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அந்த வரி நமக்காக எழுதியது. செம்மண் பாதையில் தினமும் ஓடுகிற காருக்குப் பாதிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எண்ணெய் மாற்றும் போதெல்லாம் பில்டரும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். சகோதரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். “கழற்றிக் கையில் கொடுங்கள், பார்க்கிறேன்” என்று கேளுங்கள். வெயிலுக்கு நேரே பிடியுங்கள். மடிப்புகளுக்கு ஊடே வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ஓடும். வெளிச்சமே வராமல் அடைத்திருந்தால், கிழிந்திருந்தால், எண்ணெய் தோய்ந்திருந்தால், ஓரத்து ரப்பர் பிய்ந்திருந்தால் மறு பேச்சில்லாமல் மாற்றிவிடுங்கள். சாம்பல் நிறமானதைக் காட்டியே பயமுறுத்துவார்கள், அதற்கு மசியாதீர்கள். இலேசாகத் தூசி படிந்த பில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும். காகித பில்டரைத் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள்.

“மாற்றினால் பெட்ரோல் மிச்சம்” என்றும் சொல்வார்கள். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா போலக் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியென்றால், அடைத்த பில்டரை மாற்றியதில் நூற்றுக்கு 2 முதல் 6 வரை மிச்சமானது. இப்போதைய கார்களில் கணினி பெட்ரோலை அளந்து விடுவதால் சொல்லும்படி மிச்சம் இல்லை. இழுவைதான் குறையும், மேட்டில் திணறும். ஆகவே பெட்ரோலுக்காக அல்ல, என்ஜினுக்காக மாற்றுங்கள்.

இரண்டாவது பில்டர் நம் நெஞ்சுக்கு. ஒரு இரவு அடுத்த வீட்டு அக்கா கதவைத் தட்டினார். மகனுக்கு இழுப்பு. அவனைப் பின்னால் படுக்க வைத்துக் கிள்ளானுக்கு விரைந்தேன். புழுக்கமாக இருக்குமே என்று ஏர்கோனைத் திறந்தேன். ஒரு வாடை அடித்தது. பிள்ளை முன்னிலும் மோசமாக இருமினான். “டீச்சர், அத அடச்சிருங்க” என்று அக்கா கத்தினார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். நல்ல வேளை, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து விடிவதற்குள் மூச்சு சீரானது.

மறுநாள் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அதன் பின்னால்தான் பெரும்பாலான கார்களில் ஏர்கோன் பில்டர் இருக்கும். பில்டரின் மேல் செம்பனை நாரும், கடித்த பழமும், எலிப் புழுக்கையும்! தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள். எலியோ என் காரில் குடியிருந்திருக்கிறது. நான் வெறுங்கையால் அள்ளிப் போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். முகத்துக்கும் கைக்கும் உறை போட்டு, குளோரக்ஸ் கலந்த தண்ணீரால் நனைத்த பிறகு துடைத்து எடுங்கள். சில பழைய கார்களில் இந்த பில்டரே கிடையாது. அப்படியானால் தூசி நேராக ஏர்கோன் சுருளில் படிந்து, ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். சுருளைத்தான் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

புகைமூட்டக் காலம் வேறு கதை. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, பள்ளியை மூடிவிட்டோம். அந்த மாதிரி நாட்களில் சாதாரண ஏர்கோன் பில்டர் புகையின் நுண்துகளை முழுதாகப் பிடிக்காது. வெளிக்காற்று வரும் வழியை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றையே சுற்ற விடும் பொத்தானை அழுத்துங்கள். அதே காற்று பலமுறை பில்டர் வழியே போவதால் கொஞ்சம் தெளியும். ஆனால் ஐந்து பேர் ஏறிய காரில் நெடுநேரம் அப்படியே விட்டால் மூச்சுக் காற்று தேங்கித் தூக்கம் சொக்கும். நடுநடுவே சில நிமிடம் திறந்து விடுங்கள். புகைமூட்டம் ஓய்ந்ததும், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் பில்டரை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏர்கோன் பில்டரை நீங்களே மாற்றலாம். என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளித் திடலில் பத்து நிமிடத்தில் மாற்றினேன். பில்டரில் அம்புக்குறி இருக்கும். அது காற்று போகும் திசை, தலைகீழாக மாட்டிவிடாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் கேட்பீர்கள். பஞ்சு பில்டர் என்றால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி மாட்டலாம். எண்ணெய் தோய்த்த காகித பில்டர் என்றால் மாற்றத்தான் வேண்டும், காற்றடிக்கக் கூடாது. கடையில் வாங்கும்போது வண்டியின் மாடலையும் ஆண்டையும் எழுதிக் கொண்டுபோங்கள், அளவு மாறினால் ஓரத்தில் மண் புகும்.

சகோதரரே, உங்கள் மகனிடம் பில்டரை வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் பேட்டரியைப் பற்றிக் கேட்டிருந்த அம்மாவுக்குப் பதில் எழுதுகிறேன்.