துளையிடும் முன்பே அளந்து வையுங்கள்

2011 ஜனவரியில் துர்காப்பூர் அருகே இச்சாப்பூரில் ஓ.என்.ஜி.சி. தோண்டிய கிணற்றில்தான் இந்தியாவின் முதல் ஷேல் எரிவாயு வெளிப்பட்டது. துர்காப்பூரைக் கடக்கும் தாமோதர் ஆறுதான் ஹவுரா மாவட்டத்துக்கும் இறங்கி வருகிறது. இந்த வட்டார மக்களின் உடல்நலத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்றால், எரிவாயுவின் வணிக உற்பத்தி தொடங்காதபோது அது எதற்கு என்பார்கள். தொடங்காததால்தான் இப்போதே வேண்டும். அந்த வட்டாரத்தின் காற்றிலும் நீரிலும் நிலக்கரி, உருக்காலை மாசு ஏற்கெனவே கலந்திருக்கிறது. இன்றைய கிணற்று நீரையும் குழந்தைகளின் மூச்சுக்கோளாறுகளையும் பதிவு செய்யாவிட்டால், நாளை எந்த நோய்க்கு எது காரணம் என்று நிறுவுவது மிகக் கடினம். பென்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கான எரிவாயுக் கிணறுகள் தோண்டிய பிறகு, 2023-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுகள் ஆஸ்துமா தீவிரமடைவதையும் குழந்தைகளின் நிணநீர்ப் புற்றுநோயையும் கிணறுகளின் அருகாமையோடு தொடர்புபடுத்தின. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு (லுகேமியா) அந்த ஆய்வுகள் தொடர்பு காணவில்லை. இப்படிப் பிரித்துச் சொல்லத்தான் தரவு வேண்டும். செலவை உரிமம் பெறும் நிறுவனம் ஏற்கட்டும். ஆய்வை அரசு மருத்துவக் கல்லூரிகள் நடத்தட்டும்.