பாதை முடியும் ஊரிலிருந்து ஒரு பிரகடனம்

கொழும்பில் புறப்படும் மலையகப் புகையிரதப் பாதை பதுளையில் முடிகிறது. 1924இல் அது இங்கு வந்து சேர்ந்தது மலையிலிருந்து தேயிலையை இறக்குவதற்காக. நூறாண்டுகளில் அது தேயிலையை மட்டும் இறக்கவில்லை. கொழும்பு வீடுகளின் அடுப்படிக்குச் சிறுமியரையும், கடைகளின் பின்கட்டுக்குச் சிறுவரையும் இறக்கியது. அங்கே அடி தாங்காமல் வெளியேறிய பிள்ளைக்கு நகரம் தெருப்பிள்ளை என்று பெயர் வைத்தது. நாங்கள் பாதை முடியும் ஊரிலிருந்து பேசுகிறோம். நகரத்தின் கண்ணுக்கு முடிவாகத் தெரிவது எங்கள் மலையில்தான் தொடங்குகிறது.

தெரு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே தொடங்குகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் ஒடுங்கிப் படுக்கும் இரவில் தொடங்குகிறது. தாய் வெளிநாட்டுக்கும் தகப்பன் கொழும்புக்கும் போய்விட, பாட்டியின் மடியில் பிள்ளை தனித்துப்போகும் வீட்டில் தொடங்குகிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயருமாகப் பிள்ளை இரண்டாகப் பிளக்கும் கந்தோரில் தொடங்குகிறது. பதிவு செய்தவருக்குத் தமிழ் தெரியாது. அந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்குள் பிள்ளை பாடசாலையை விட்டே போய்விடுகிறது.

பழைய ஒழுங்கின் கணக்கு முடிந்துவிட்டது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம் கோப்பிக் காலத்துத் துரைமாரின் உலகில் எழுதப்பட்டது. போக்கிடமற்றவரைக் குற்றவாளியாகக் காண்பதே அதன் பார்வை. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. சட்டம் மட்டும் அழியவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தது. மீதிப்பேரின் பிரஜாவுரிமையைத் தீர்க்க 2003 வரை ஆயிற்று. அன்று நாடிழந்தோரின் பேரப்பிள்ளைகளே இன்று வீடிழக்கிறார்கள். இரண்டு இழப்பும் ஒரே வரலாற்றின் இரண்டு ஏடுகள்.

ஆயினும் காலத்தின் திசை எங்கள் பக்கமே. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. 1998இல் பதினான்கு வயதுவரை கட்டாயமான கல்வி, 2016இல் பதினாறு வயதுவரை நீண்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் பதினாறாயிற்று. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மலையகச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களோடு உயிரிழந்தாள். சட்டம் வர்த்தமானியில் இருந்தது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தரகர் லயத்தில் இருந்தார். அந்த இடைவெளியில்தான் இந்த இயக்கம் பிறக்கிறது.

நாங்கள் பாதுகாப்பை நாடுகிறோம். அடைத்துவைத்தலைப் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டோம். எது பாதுகாப்பு என்பதை ஒரு மண்சரிவு எங்களுக்குக் காட்டியது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயமும் இல்லை, லயத்தில் இருந்தவர்களும் இல்லை. அபாயம் பற்றிய எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. பாடசாலை எங்கள் பிள்ளைகளுக்கு அறிவு தரும் இடம் மட்டுமல்ல, உயிர் காத்த இடம் என்பதை அன்றே கற்றோம். பிள்ளையை இடாப்பிலிருந்து நழுவவிடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதையும் கற்றோம்.

நாங்கள் ஆரோக்கியத்தை நாடுகிறோம். 2016இன் தேசியக் கணிப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். உலகத்தின் கோப்பைக்குச் சாறு தந்த மலை தன் பிள்ளைக்கு உயரம் தரவில்லை. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவின் மதிய உணவே எங்களுக்கு முதல் அரசியல்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தற்சார்பை நாடுகிறோம். இச்சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை கடலை விற்றுத் தன் செலவைத் தானே பார்ப்பது தற்சார்பு அன்று. அது பெரியவர்களின் கடன். பிள்ளை தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவில் தானும் அமர்வதே தற்சார்பின் தொடக்கம். பிரேசிலில் 1986இல் தெருச் சிறுவர்கள் தலைநகரில் கூடித் தங்கள் கோரிக்கைகளைத் தாங்களே பேசினார்கள். நான்கே ஆண்டுகளில் அந்நாடு சிறுவர் உரிமைக்குத் தனிச்சட்டம் கண்டது. டெல்லியில் 2003 முதல் தெருவோரப் பிள்ளைகள் ‘பாலக்நாமா’ என்ற பத்திரிகையைத் தாங்களே நடத்துகிறார்கள். அங்கே இயன்றது பசறையிலும் லுணுகலையிலும் இயலும். எங்கள் பிள்ளைகளின் வாய் அவர்களைவிடச் சிறியதன்று. கேட்டுப் பழகாத காதுகள்தான் இங்கு அதிகம்.

எல்லவுக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் இரும்பில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்தது. இன்று உலகமே வந்து அதைப் படம் பிடிக்கிறது. அந்தப் படத்துக்கு வெளியே நிற்கும் மலைப்பிள்ளை, பதினாறைத் தாண்டியபின் சமையற்கலைஞராக, வழிகாட்டியாக, மின்னியலாளராக அதற்குள் வரவேண்டும். ஏந்திய கையோடு வரக்கூடாது.

இனி, மறுப்பவை. தாயும் தகப்பனும் உயிரோடிருக்கும் பிள்ளையை அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டுப் புண்ணியம் எண்ணுவதை மறுக்கிறோம். தெருவிலிருந்து மீட்டு, அதே இருண்ட காம்பராவில் மீண்டும் இறக்கிவிட்டு, அதை மறுவாழ்வு என்று எழுதும் அறிக்கையை மறுக்கிறோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட 2021 வரை காத்திருந்த தாயைப் ‘பொறுப்பற்றவள்’ என்று தீர்ப்பளிக்கும் நாவை மறுக்கிறோம். ஒரு கொப்பியும் ஒரு பேனையும் கொடுத்து, பிள்ளையின் முகத்தைப் பத்துப் படம் எடுக்கும் கருணையை மறுக்கிறோம். தேர்தலுக்குத் தேர்தல் கூரைத்தகட்டோடு வருவோருக்கு எங்கள் மேடையில் நாற்காலி இல்லை. தகட்டை மட்டும் வாங்கிக்கொள்வோம், லயம் ஒழுகுகிறது.

எங்கள் முதற்செயல் சிறியது. அடுத்த தவணை தொடங்கும் நாளில், மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் பூனாகலையிலும், வேலைக்குப் போகுமுன் தொழிலாளர் கூடும் காலைப் பிரட்டு கலைவதற்கு முன்பே பிரட்டுக்களத்தில் மேசை போடுவோம். இடாப்பிலிருந்து விழுந்த பெயர்களைத் தாய்மாரிடம் கேட்டு எழுதுவோம். பத்திரம் இல்லாத பிள்ளைக்காகப் பிரதேச செயலகத்தின் படியில் நாங்களே வரிசையில் நிற்போம். அன்று மாலை முதல் பதுளை பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் இருவர் இருவராக இருப்போம். பையோடும் பழக்கமில்லாத பெரியவரோடும் நிற்கும் பிள்ளையிடம், எங்கே போகிறாய் என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்போம். பதில் சரியில்லையெனில் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைப்போம்.

இயக்கத்துக்கு இன்னும் பெயரில்லை. பெயர்சூட்டும் கூட்டம் பதுளையில் நடக்கும். பெரியவர்கள் வரலாம், தேநீர் ஊற்றலாம். வாக்களிக்கும் உரிமை பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மட்டும்.